நாய்க்கால் ஓடு

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக மகன் என்னோடு பேசவில்லை. மருமகள் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள், சாப்பிட்டதும் எடுத்துக்கொண்டு போகிறாள். நடுவில் ஒரு வார்த்தை இல்லை.

எல்லாம் ஒரு கூரையால் வந்தது. மாடம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் வீடு என் பேரில் இருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் மகன் மொட்டை மாடியில் ஒரு அறை கட்டி, சரிவாகக் கூரை வைத்து, அதன்மேல் ஷிங்கிள்ஸ் என்று ஒன்றைப் போட்டான். தார் அட்டையில் மணலைத் தூவி, ஓடு மாதிரி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடிக்கிற வில்லைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் அசையாது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் மனைப்பிரிவில் பதினோரு வீட்டில் அதையே போட்டார்கள். இரண்டாவது மழைக்கே ஓரங்கள் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டன. மணல் உதிர்ந்து குழாய் வழியாக வாசலுக்கு வந்தது. மூன்றாவது மழைக்குத் தண்ணீரே உள்ளே வந்துவிட்டது.

"மூணு வழி இருக்கும்மா" என்றான் மகன். பதினோரு வீடும் சேர்ந்து நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவது ஒரு வழி. அது எந்தக் காலத்தில் முடியுமோ. கம்பெனி ஆளை வரவழைத்து மேலே ஒரு பூச்சுப் பூசிக்கொள்வது இன்னொரு வழி. அது அடுத்த மழை வரைக்கும். மூன்றாவது வழியை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நம்ம வீட்டுக்கு மட்டும் மொத்தமா புதுசா மாத்தித் தர்றாங்களாம். வெளிய யாருக்கும் சொல்லக்கூடாது. சரக்குல குறை இல்ல, ஆணி அடிச்ச ஆளுங்க மேலதான் தப்புன்னு ஒரு லெட்டர். ஓனர் நீங்கதானே, ஒரு கையெழுத்து போட்டா போதும்."

பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தான். கை போகவில்லை. ஏம்மா, ஏம்மா என்று கேட்டான். எனக்குக் கோர்வையாகப் பேச வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதிப் பார்க்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்த படிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகிறதோ, அவ்வளவு தூரம்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. சேலையூர் ஏரிப் பக்கம் எங்கள் தெரு. ஏழே வீடு, ஏழும் கீற்றுக் கொட்டகை. அப்பா ரயில்வேயில் கலாசி, சுமை தூக்கும் வேலை. அந்த வருஷம் சித்திரை வெயிலில் கோடி வீட்டு அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து கூரை பற்றிக்கொண்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுத்தார்கள். கட்டிப்போட்டிருந்த கன்றுக்குட்டியை மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. ஏழு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, இனிமேல் கீற்று வேண்டாம், ஓடு போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் காதிலும் மூக்கிலும் இருந்ததுதான் ஓடாக மாறியது. துளை தூர்ந்துபோகாமல் இருக்க அம்மா காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தாள்.

ஓடு வாங்க நாங்கள் வெளியாளைத் தேடவேண்டியிருக்கவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஓட்டுக் கடைக்கு, வாங்குகிற ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அப்பா டியூட்டி முடிந்து வந்தால் படுத்துவிடுவார். அம்மாவுக்குக் கைக்குழந்தை. என்னையும் ஒரு ஆளாக மதித்து ஆட்டம் ஆடுகிற ஒரே பெரியவர் மாமாதான். கண்ணாமூச்சி, ஒத்தையா ரெட்டையா, மூடின கையில் புளியங்கொட்டை எந்தக் கையில் என்று எல்லாம் ஆடுவார். பெரும்பாலும் என்னையே ஜெயிக்க விடுவார்.

மாமா என் அக்காவைத் தனக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருந்தார். தாய்மாமன், உரிமை உள்ளவன் என்பாள் அம்மா. "அது படிக்கட்டும்" என்று ஒரே பதிலை இரண்டு தடவையும் சொல்லியிருந்தார் அப்பா. அக்காவுக்குப் பதினாறு வயசு. எங்கள் தெருவில் பத்தாவதுக்குப் போன முதல் பெண் அவள்தான். தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா டாக்டரையே அதட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, அன்றிலிருந்து நர்ஸாகத்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நோயாளிகளைக் குணப்படுத்த அல்ல, டாக்டரை அதட்ட.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் மடித்து நாரால் கட்டி, தெருக்கோடி அம்மன் காலடியில் போட்டுவிட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். மாடு வாங்குவது, கிணறு தோண்டுவது, பெண் எடுப்பது எல்லாம் இப்படித்தான். எடுக்கிற குழந்தை அநேகமாக நானாக இருப்பேன். யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை, சூது வாது தெரியாது என்பதால். "அது கை இல்லம்மே, அம்மன் கை" என்று மூன்றாவது வீட்டு மீன்கார அத்தை என் கன்னத்தைத் தொட்டு முத்தமிடுவாள். அவள் கையில் மீன் வாசனை அடிக்கும். மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் வண்டி வண்டியாகச் சீமை ஓடு வந்து தெருமுனையில் இறங்கியது. இறங்கிய அன்று காலையில் மாமா என்னைக் குவியலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இடது பக்க ஓரத்தில் ஒரு கோணிச் சாக்கு. அதைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு ஓடு. புரட்டினால் அதன் உள்பக்கத்தில் ஒரு நாய்க்கால் பதிந்திருந்தது. சூளைக்குப் போகும் முன் காயப் போட்டிருந்த மண் ஓட்டின் மேல் ஏதோ நாய் மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. நாலு விரலும் உள்ளங்காலும் அச்சாக வெந்துபோயிருந்தன. நான் என் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

"இதான் ராஜா ஓடு" என்றார் மாமா. "நான் 'போய் ஒண்ணு எடுத்துகினு வா'ன்னு சொன்னா, நீ குவியல சுத்தி சுத்தி வரணும். தேடற மாதிரி தேடணும். அப்பால இத எடுத்துகினு வரணும். எவனுக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நீ அவுட்டு. இன்னா, ஆடலாமா?"

ஆடலாம் என்று தலையை ஆட்டினேன்.

தெரு கூடியது. மாமா இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்தார். "நான் பொறுக்கிக் காட்டினா கடைக்காரன் பொறுக்கிட்டான்னு சொல்லுவீங்க. உங்க அம்மன் கையே எடுக்கட்டும்" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நான் குவியலைச் சுற்றினேன். ஒரு ஓட்டைத் தொட்டேன், விட்டேன். இன்னொன்றைத் தொட்டேன். பிறகு ராஜா ஓட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். மாமா அதை நாய்க்கால் அடியில் போகிற மாதிரி செங்கல் மேல் வைத்து, சாவியால் தட்டினார். கோயில் மணி மாதிரி ணங் என்றது. தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. என்னை மேலே ஏற்றி நிறுத்தினார். பிறகு மீன்கார அத்தையைப் பார்த்து, "நீ ஏறு அத்த" என்றார்.

"டேய், நான் ஏறினா ஓடு உடையாது, கீழ கீற பூமி உடைஞ்சிடும்" என்றாள் அவள். ஆனாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஓடு அசையவில்லை. தெருவே கைதட்டியது.

ஏழு வீட்டுக்காரர்களும் தங்கள் பங்குக்குத் தனித்தனியாகப் பார்க்க ஆசைப்பட்டார்கள். முதல் தடவையோடு சேர்த்து ஏழு தடவையும் மாமா ஓட்டை யார் கண்ணிலும் படாமல் திரும்பச் சாக்குக்கு அடியில் போட்டுவைத்தார், ஏழு தடவையும் நான் தேடி எடுத்தேன். ஐந்தாவது தடவை எதிர்வீட்டுத் தபால்காரப் பெரியப்பா மட்டும் குனிந்து பார்த்து, "எல்லாம் ஒரே மாதிரி கீதே" என்றார். "ஒரே அச்சுல அடிச்சது ஒண்ணு குட்டையாவும் ஒண்ணு நெட்டையாவுமா இருக்கும் பெரியவரே?" என்றார் மாமா. பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு நான் ஒரு தடவைகூட அவுட் ஆகவில்லை.

கூரை ஏறியது. வீட்டுக்கு ஒரு கண்ணாடி ஓடு வைத்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு நேர் கீழே அக்கா பாயைப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் ஒரு சதுரமாகப் புத்தகத்தின் மேல் விழும். அது நகர நகர அவளும் பாயை நகர்த்திக்கொண்டே படிப்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் நாள் ஓட்டின் மேல் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகப் படுத்திருந்தோம். இரண்டாம் நாள் ஓடெல்லாம் கறுத்துப்போனது. மூன்றாம் நாள் ஒழுக ஆரம்பித்தது. பொத்தல் இருந்து ஒழுகினால் அங்கே ஒரு சட்டியை வைக்கலாம். இது அப்படி இல்லை. ஒவ்வொரு ஓடும் தண்ணீரைக் குடித்துக் குடித்து, வயிறு ஊதி, உடம்பு முழுக்க வேர்த்துச் சொட்டியது. சிவப்புத் தண்ணீர். சோற்றில் சிவப்பு, துணியில் சிவப்பு, அக்காவின் கணக்கு நோட்டில் சிவப்பு. விரலால் தொட்டால் ஓடு செதில் செதிலாக உதிர்ந்தது.

தம்பிக்கு அப்போது ஆறு மாசம். அவன் தூங்கும் புடவை ஏணையை வீட்டின் எந்த மூலையில் கட்டினாலும் சொட்டியது. அம்மா முறத்தை அவன் மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் அவன் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். ஈரம் இல்லாத இடத்தில் குழந்தையை வைத்தால்தான் மருந்து வேலை செய்யும், இல்லாவிட்டால் சொல்வதற்கு இல்லை என்றார்கள்.

மழை சற்று விட்ட ஒரு காலையில் தெரு எங்கள் வாசலில் வந்து நின்றது.

"வேகாத ஓடும்மே இது" என்றார் தபால்காரப் பெரியப்பா. ஒரு துண்டைக் கையிலேயே ஒடித்துக் காட்டினார், நடுவில் பச்சை மண் தெரிந்தது. "சூளையில கழிச்சிப் போட்டத நம்ம தலைல கட்டிட்டான்."

"திருப்பி எடுத்துகினு போயி கடை வாசல்ல கொட்டுவோம்" என்றாள் மீன்கார அத்தை.

"கடைக்காரன நேத்தே கேட்டாச்சு. 'இறக்கறப்ப கொழந்தைய வுட்டு எடுத்துப் பாத்துத்தானே வாங்கினீங்க'ன்றான்" என்றார் பெரியப்பா.

தார் பூசலாம் என்றார் ஒருவர். ஈர ஓட்டில் தார் ஒட்டாது என்றார் இன்னொருவர். மேலே மறுபடி கீற்றுப் போடலாம் என்று ஒரு குரல் வந்தது. கோடி வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போலீசுக்கு மனு. எழுதியும் கொண்டுவந்துவிட்டார்.

"மொத கையெழுத்து நீ போடு" என்று அப்பாவிடம் நீட்டினார். "சொந்த அக்கா புருஷனே போட்டுக்கிறான்னாதான் நம்புவாங்க. நீ போடலன்னா, இது எதுக்கு, தெருச் சண்டைன்னு கிழிச்சி போட்டுடுவாங்க. போட்டா உன் மச்சான் ஓடியாந்து ஏழு வூட்டுக்கும் ஓடு மாத்திக் குடுப்பான். இல்ல, உள்ள போவான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டார்.

மீன்கார அத்தையின் கண் என் மேல் விழுந்தது. "அது கைய நம்பித்தானேம்மே ஏறி நின்னேன். அம்மன் கையே பொய் சொல்லுமா?" என்றாள். பெரியப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பாப்பா, பயப்படாத. அந்த ஓட்ட நீயா எடுத்தியா, இல்ல உங்க மாமா சொல்லி எடுத்தியா?" என்றார்.

நான் அக்காவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எனக்குப் பயம், சொன்னால் நான் அவுட். அவ்வளவுதான். ஓட்டுக்கும் ஒழுகலுக்கும் என் ஆட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அதுகிட்ட போயி கேக்கறீங்களே பெரியப்பா. அது இன்னா கண்டுது, விடுங்க" என்றாள் அக்கா. என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவரும் விட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மாமா வந்தார். அதே சிரிப்பு. எனக்குப் பொரியுருண்டை. தம்பியின் ஏணைக்கு அருகில் உட்கார்ந்து அவன் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டு உச்சுக் கொட்டினார்.

"கடைக்காரன் என்னையும் ஏமாத்திட்டான் மச்சான்" என்றார் அப்பாவிடம். "நல்லா வெந்த ஓடு இன்னொரு எடத்துல கீது. ஆனா ஒரு வூட்டுக்குத்தான் ஆவும். ஏழு வூட்டுக்கும் கேட்டா நான் எங்க போவேன்?"

"ஒரு வூட்டுக்குன்னா?"

"என் மாமியார் வூட்டுக்குன்னா நாளைக்கே ஏத்துவேன்."

 ஏணைக்குள் கோழிக்குஞ்சு மட்டும் கத்தியது.

"அது படிக்குது" என்றார் அப்பா. மூன்றாவது தடவையாக அதைச் சொன்னபோது குரலில் பழைய பலம் இல்லை.

"ஒழுகற வூட்ல எத்த வெச்சி படிக்கும்? நானும் இன்னா வேத்தாளா? அப்பால, மருமவன் மேல எந்த மாமனாராவது மனுவுல கையெழுத்து போடுவானா, நீயே சொல்லு யக்கா."

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். அக்கா பின்பக்கம் கல்லில் தன் பள்ளிக்கூடத் தாவணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் போகவில்லை. அப்பா கடைசியில் அக்கா காதிலும் விழும்படி சொன்னார். "என்னால முடியல. அம்மன் சொல்லட்டும். வெள்ளிக்கிழம பூக்கட்டிப் பாத்துடலாம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "யாரு எடுக்கறது? இதானே?" என்று என்னைக் காட்டினாள். ஆமாம் என்றார் அப்பா. "அப்ப சரி" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. என் கையை அவள் அவ்வளவு நம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை. பூவும் இலையும் மாமாதான் வாங்கிக்கொண்டு வந்தார். நந்தியாவட்டை, செவ்வரளி. எல்லோர் கண்ணெதிரிலும் அவரே மடித்து, அவரே நாரால் கட்டினார். நான் கால் கழுவக் குழாயடிக்குப் போனபோது பின்னாலேயே வந்து, தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்தார்.

"ராஜா ஓடு ஞாபகம் கீதா?"

தலையை ஆட்டினேன்.

"இன்னிக்கு ராஜா, நாரு நீட்டமா தொங்குற பொட்டலம். தெரிஞ்சா நீ அவுட்டு."

அம்மன் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா எதிரில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நானும் சிமிட்டினேன். பொட்டலங்கள் இரண்டின் மேலும் கையைச் சுற்றினேன். ஒன்றைத் தொட்டேன், விட்டேன். குவியலைச் சுற்றிய மாதிரியே தேடுவதாகக் காட்டி, நார் நீட்டமாக இருந்ததை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்றிருந்த தபால்காரப் பெரியப்பா, கையில் வைத்திருந்த தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அக்கா என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. நான் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சபாஷ் சொல்வாரா என்று.

மாமா வாக்குத் தவறவில்லை. ஒரே நாளில் எங்கள் கூரை மாறியது. எல்லாம் ணங் என்கிற ஓடு. பழைய கண்ணாடி ஓடு இறக்கும்போது உடைந்துபோக, அந்த இடத்தில் மாமா அந்த நாய்க்கால் ஓட்டை வைக்கச் சொன்னார். எனக்குப் பரிசாம். கீழே படுத்துப் பார்த்தால் ஒரு நாய் கூரையில் நடந்துபோன மாதிரி இருக்கும். அக்காவின் பாய் போட்ட இடம் இருட்டாகிவிட்டது. அவளும் அதற்குப் பிறகு அங்கே பாய் போடவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். இன்றைக்கு அவன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். எந்தக் கூரையின் கீழ் பிழைத்தான் என்று அவனுக்குத் தெரியாது.

மற்ற ஆறு வீடும் அந்த மழைக்காலம் முழுக்க நனைந்தது. பனை ஓலையை மேலே போட்டுக் கல்லை வைத்தார்கள். ஒரு குடும்பம் வீட்டை விட்டுவிட்டே போனது. மீன்கார அத்தை எங்கள் வாசலில் மட்டும் கூவாமல் நடந்துபோவாள். எங்களுக்குக் கடுதாசி வந்தால் தபால்காரப் பெரியப்பா கையில் கொடுக்கமாட்டார், வேலிக்கு மேலாக வீசிவிட்டுப் போவார், சேற்றில் விழுந்தாலும் சரி. தெருவில் மற்றப் பெண்பிள்ளைகள் என்னைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடக்கவில்லை. அஞ்சாவது முடிந்ததும் தனியாக அவ்வளவு தூரம் எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். அம்மன் கை என்று அதற்குப் பிறகு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

அக்கா அந்த ஆளோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தாள். வாழ்ந்தாள் என்று எழுதுகிறேன். வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. ஏமாற்றுகிறவர்களுக்கு வெளியில் ஆள் கிடைக்காத நாட்களும் இருக்கும், அன்றைக்கெல்லாம் வீட்டில் அவள் இருந்தாள். முன்பல் இரண்டு போனதற்குக் குளியலறையில் வழுக்கியது என்று ஒரு காரணம் சொன்னாள். ஒரு தடவைகூட அவள் திரும்பி வரவில்லை. அம்மன் சொன்னதை மீறக்கூடாது என்பாள். எனக்கு விவரம் தெரிந்தபோது அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவிடுவது என்று போவேன். அவள் பரிமாறுவாள், நான் சாப்பிட்டுவிட்டு வருவேன். கடைசிவரை சொல்லவில்லை.

அவள் என்னிடம் கேட்காமலும் இல்லை. கேட்டாள். ஒரே ஒரு தடவை.

தை மாசத்தில் குன்றத்தூர் முருகன் மலையில் கல்யாணம். விடியற்காலையிலேயே போய் மலையடிவாரத்தில் இறங்கினோம். அம்மா தம்பியை வைத்துக்கொண்டிருந்ததால் அக்காதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். கல்யாணப் பெண், மடியில் கனகாம்பரம், பட்டுப் புடவை. என்னைக் கீழ்ப்படியில் உட்காரவைத்து, மேல்படியில் உட்கார்ந்து பின்னினாள். பாதிப் பின்னலில் கை நின்றது.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்த சொல்லணும்" என்றாள்.

"இன்னா?"

"அன்னிக்கு அந்தப் பூவ நீயா எடுத்தியா? இல்ல, யாராவது சொல்லி எடுத்தியா?"

அப்பா பத்தடி தள்ளி நின்றிருந்தார். இன்னும் யாரும் மலை ஏறவில்லை. மாலை கூடைக்குள்ளேயே இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்து என்னைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் முகத்தை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. அவள் தோளுக்கு மேலாகத் தூரத்தில் மாமா தெரிந்தார். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்து உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார், சிரித்தார்.

எட்டு தடவை ஆடியிருக்கிறேன். எட்டு தடவையும் அவுட் ஆகவில்லை.

"நானாத்தான் எடுத்தேன்" என்றேன்.

அக்கா என் தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "அப்ப அம்மனே சொல்லிட்டா" என்றாள். என் வலது கையை எடுத்து விரித்து, கோயில் தட்டில் கற்பூரத்தை ஒற்றிக்கொள்கிற மாதிரி, ஒரு கண்ணில் வைத்து ஒற்றினாள், மறு கண்ணிலும் வைத்து ஒற்றினாள். மீதிப் பின்னலை முடித்து, கனகாம்பரத்தை வைத்துவிட்டு, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

கை ஈரமாக இருந்தது. அதைப் புதுப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மாமாவிடம் நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்வதற்காக, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி எல்லோருக்கும் முன்னால் மலையேறி ஓடினேன்.